என்டர் தட்டுவதற்கு முன்

கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துகளை நகலெடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். எனக்கு அது கைவரத்தான் கொஞ்சம் நாளானது.

பழைய காகிதத்தை அரைக்கும் ஆலை எங்களுடையது. கத்திகளை நோக்கி ஓடும் பட்டையில் ஆள் ஏறினால் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு ஒரு கணினி நிரல் உண்டு. 'ஆள் இல்லை', 'ஆள் இல்லை' என்று நொடிக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தவர் மேற்பார்வையாளர், என் மனைவியின் அண்ணன்.

முதல் வாரமே ஒரு வரியை நகலெடுக்க கன்ட்ரோல்-சி அழுத்தினேன். அந்தத் திரையில் அதற்கு 'ஓடுவதை நிறுத்து' என்று அர்த்தமாம். ஆலையே நின்றுபோனது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு காப்பி போடத் தெரியலப்பா."

அன்றிலிருந்து கேன்டீனில் யார் டம்ளரை நீட்டினாலும் அதே பேச்சு. ஏழு வருஷம். போன மாதம் என் மகளின் பிறந்தநாளில் அதை மறுபடி சொன்னார்; மகளும் சிரித்தாள். மனைவி டம்ளர் கழுவப் போவதுபோல் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், நன்றி மறக்கக் கூடாது.

"மவுஸால இழுத்து செலக்ட் பண்ணுங்க, உடனே என்டர் தட்டிடுங்க மாப்பிள்ளை, காப்பி ஆயிடும். தட்டுற வரைக்கும் நிரல் அப்படியே உறைஞ்சு நிக்கும். அது செத்தா கத்தி நின்னுடும், உறைஞ்சா நிக்காது."

செவ்வாய்க்கிழமை காலை பட்டையில் கம்பி சிக்கியது. நிரல் இருக்கிற தைரியத்தில் அவரே ஏறினார். ஏறும்முன் என் அறைக் கண்ணாடி வழியாகக் கையசைத்து, "பாத்துக்கங்க மாப்பிள்ளை" என்றார். நான் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் பூட்ஸ் போனது. பிறகு முழங்கால். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறினார். இடுப்புவரை அரைபட்ட பிறகும் என்னைத்தான் பார்த்தார். கண்ணாடியில் ரத்தம் தெறித்ததால் அதற்குமேல் முகம் தெரியவில்லை. சத்தம் அடங்கியதும் என்டர் தட்டினேன். நிரல் விழித்துக்கொண்டு அடுத்த வரியை எழுதியது: 'ஆள் இல்லை'.

ஆமாம், நான்தான் கொன்றேன். கோபத்தில் இல்லை, சார். கோபமிருந்தால் கை நடுங்கியிருக்கும். வேண்டுமானால் ஒட்டிப் பாருங்கள், ஓர் எழுத்துக்கூட விடுபடாமல் நகலாகியிருக்கிறது.