துணிக்கு ஆகாத புகை

– உட்காரு தங்கச்சி. உள்ளே அடுப்புல பால் வச்சிருக்கேன், இந்நேரம் கொதிச்சிருக்கும். டீ குடிச்சிட்டுச் சண்டை போடு.

– உன் டீயை நீயே குடி அண்ணே. முதல்ல குரோம் முலாம் பூசுற தொட்டிக்கு மேல இருக்கிற புகை இழுக்கிற ஃபேனைப் போடு.

– இதுக்குத்தான் பட்டறைக்கு ஓடி வந்தியா? ஃபேன் ஓடினா, மாடி வீட்டம்மா காய வச்ச துணியெல்லாம் மஞ்சள் மஞ்சளாப் புள்ளி விழுதாம். வாசல்ல நின்னு மானத்தை வாங்கிட்டா. அதான் நிறுத்திட்டேன்.

– நல்லாயிருக்குடா சாமி நியாயம்! அவ துணிக்கு ஆகாத புகை, என் வீட்டுக்காரர் மூக்குக்கு மட்டும் ஆகுமா?

– மெதுவாப் பேசு. மாப்பிள்ளை அங்கதான் கார் பம்பரைத் தொட்டியில இறக்கிக்கிட்டிருக்கார். காதுல விழப்போகுது.

– விழட்டும்! என்னங்க, இப்படி வாங்க. டாக்டர் சொன்னதை உங்க மச்சான்கிட்ட நீங்களே சொல்லுங்க.

– அது ஒண்ணுமில்ல மச்சான்... மூக்குக்குள்ள, நடுத்தடுப்புல, சின்னதா ஒரு ஓட்டை.

– சின்னதாவா! இந்தப் பக்கம் டார்ச் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் வருது அண்ணே! இவர் என்னடான்னா, அதைப் பிள்ளைங்களுக்கு வித்தை காட்டிக்கிட்டிருக்கார்.

– பிள்ளைங்க கேட்டுச்சுங்க, காட்டினேன்...

– அட, இதுக்கா இந்தக் கூத்து? குரோம்காரன் மூக்குன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கும் இருந்துச்சு. அது நம்ம முத்திரை.

– முத்திரையாம் முத்திரை! முந்தாநாள் ஊசிப்போன குழம்பை ஊத்தி ஊத்தித் தின்னுட்டு, விடிய விடிய வாந்தி. வாசனைங்கிறதே போயிடுச்சு இவருக்கு. நாளைக்கு வீட்டுல கேஸ் கசிஞ்சா? நான் கடைக்குப் போயிருந்தா? இவர் பாட்டுக்குப் பிள்ளைங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடுப்பைப் பத்த வைப்பாரே!

– விடேன். மச்சான் வேணும்னேவா செஞ்சார்?

– நீங்க வாயில்லாப் பூச்சியா இருக்கப்போய்த்தானே இந்தக் கதி! ஏண்ணே, இரும்பு துருப்பிடிக்கக் கூடாதுன்னு செம்புல ஒரு சட்டை, நிக்கல்ல ஒரு சட்டை, அதுக்கு மேல குரோம் சட்டைன்னு பம்பருக்குப் போட்டு அழகு பார்க்கிறியே, உன் தங்கச்சி புருஷனுக்கு ஒரு முகமூடி வாங்கித் தந்தியா?

– இங்க பாரு, வார்த்தையை அளந்து பேசு. புகை, புகைங்கிறியே, மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியிருந்தே நான் இந்தப் பட்டறையில கிடக்கேன். எனக்கு என்ன வந்துச்சு? குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்ல? இதோ, உன் முன்னாலயே மூச்சை இழுக்கிறேன், பாரு. ஒரு வாடை? ஒரு நெடி? ஒண்ணும் இல்ல. காத்து அவ்வளவு சுத்தமா இருக்கு.

– என்னண்ணே சொல்றே... ஒண்ணுமே இல்லையா?

– இருந்தாத்தானே சொல்ல! ஏன் அப்படிப் பார்க்கிறே? முந்தானையால எதுக்கு மூக்கைப் பொத்துறே?

– அண்ணே... உள்ளே உன் பால் பொங்கி, வத்தி, சட்டியே கருகி நாறுதே அண்ணே.