இருப்புக்கொள்ளாத்தா தோப்பு

இப்படிக் கிட்ட வந்து கேளுங்க. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி, இதே செந்தட்டிக்குளத்துல வெயிலுகந்தாள்னு ஒருத்தி இருந்தாளாம்.

ஒத்தைக்கு ஒரு பொம்பளப்புள்ள அவளுக்கு. ஊருக்குள்ள அம்மை வந்த வருசம், புள்ள வேப்பிலையில கெடக்கு. இவ மூக்குக்கிட்ட வெரல வச்சு வச்சுப் பாக்கா. மூச்சு இருக்கு. திரும்பப் பாக்கா. இருக்கு. ஒரு மத்தியானம் அலுப்புல கண்ணு சொக்கிருச்சு. முழிச்சுப் பாத்தா, புள்ள குளுந்துபோயிக் கெடந்துச்சாம்.

குளத்தங்கரையில பொதைச்சாங்க. புருசன் ஆண்டியப்பன் ஒரு மருதங்கன்னக் கொண்டாந்து அந்த மண்ணுமேல நட்டான். "அழாதட்டி. இது தளுத்துச்சுன்னா, நம்ம புள்ள நல்லாருக்குன்னு நெனச்சுக்கிடுவோம்"னானாம்.

அந்தச் சொல்லு அவளப் புடிச்சுக்கிடுச்சு. அதுல இருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளல. அடுப்புல உலை கொதிக்கும், குளத்தங்கரைக்கு ஓடுவா. களத்துல நெல்லு காயும், ஓடுவா. ஓடிப்போயி, "வேரு விட்டுச்சா, உசுரு இருக்கா"ன்னு கன்னத் தூக்கிப் பாப்பா. பாத்துட்டுத் திரும்ப ஊனுவா. வீடு வந்து சேந்ததும் மனசு கேக்காது. திரும்பவும் ஓடுவா. இப்படிப் புடுங்கிப் புடுங்கிப் பாத்தா எந்தக் கன்னு பொழைக்கும்? கருகிப்போச்சு. இன்னொண்ணு நட்டான். அதுவும் போச்சு. அடுத்ததும் போச்சு. "இருப்புக்கொள்ளாதவ"ன்னே ஊருல பேராகிப்போச்சு.

"எங்கையி கொல்லுத கையி"ன்னு அழுவாளாம். அழுதாலும் அந்தக் கையி சும்மா இருக்கணுமே!

பக்கத்து வயக்காரி மாடத்தி. வாய்க்காத் தண்ணித் தகராறுல ரெண்டு பேருக்கும் வருசக்கணக்காப் பேச்சுவார்த்தை கிடையாது. புதுசா ஒரு கன்னு நட்டிருந்த சமயம், மாடத்தி இடுப்புல கொடத்தோட வந்து கன்னுக்கு முன்னால உக்காந்துக்கிட்டா.

"எந்திரிட்டி. நான் கன்னப் பாக்கணும்."

"மாட்டேன்."

"நீ யாரு என்னத் தடுக்க?"

"உனக்கு ஆகாதவ. அதான் வந்தேன். ஆனவுகன்னா நீ அழுததும் எளகி விட்டுருவாக. நான் விடமாட்டேன்."

வெயிலுகந்தா அவ முடியப் புடிச்சு இழுத்தாளாம். மாடத்தி அசையல. தள்ளுனா, அசையல. கடைசியில கால்லயே விழுந்துட்டா. "ஒரே ஒரு தடவ, மதினி! அன்னைக்கும் கண்ண மூடுனேன், போயிருச்சே!"

மாடத்தி தன் காலப் புடிச்சிருந்த அவ கைய எடுத்துவிட்டா. "நீ மூடு. நான் முழிச்சிருக்கேன்."

அந்தக் கரையிலேயே சாஞ்சு, புள்ள போனதுக்கப்புறம் மொதமொதலா வெயிலுகந்தா அசந்து தூங்குனாளாம்.

மறுநாளு மாடத்தி சொன்னா: "சும்மா இருக்க மாட்டேல்ல? எங்கொல்லையில மொளகாநாத்து வாடிக் கெடக்கு. அதுக்குத் தண்ணி ஊத்து." அடுத்தவ நாத்து. அதப் புடுங்கிப் பாக்க இவளுக்கு உரிமை இல்லையே! ஊத்திட்டு வந்துருவா. வந்தும் மனசு கேக்காமக் குளத்தங்கரைக்கு ஓடுவா. தூரத்துலயே மாடத்தி கையத் தூக்கி, "இருக்கு, போ!"ம்பா. இவ திரும்பிருவா. கொஞ்ச நேரத்துல திரும்பவும் ஓடுவா. "இருக்கு, போ!"

ஐப்பசி மழை விட்டதும் மாடத்தியே கூப்புட்டா. கன்னுல புதுத் தளுரு, தாமிரம் கணக்கா மின்னுது. வெயிலுகந்தா கைய நீட்டுனா. நீட்டுன கைய அப்படியே மடக்கி நெஞ்சுல வச்சுக்கிட்டாளாம்.

அதோட அவ அடங்கிட்டான்னு நெனைக்காதிய. சாகுத வரைக்கும் ஓட்டந்தான். ஆனா கொடத்தோட ஓடுனா. யாரு நட்ட கன்னா இருந்தாலும் ஊத்துனா. அவ ஓடுன கரை முச்சூடும் மருதமா நிக்கி. அதத்தான் இன்னைக்கு இருப்புக்கொள்ளாத்தா தோப்புங்கோம்.

நம்ம ஊருல கன்னு நட்டவங்க அதுக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுங்கது அதனாலதான். யாரு கூடப் பேச்சு அத்துப்போச்சோ, அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு செம்ப நீட்டணும்; அவுகதான் வாங்கி வந்து ஊத்தணும். ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாங்கமாட்டேன்னு கதவச் சாத்துன வீடு இந்த ஊருல இதுவரைக்கும் இல்ல.