சுலைகா எழுதுன கடைசி நோட்டு

கதை நல்ல கதைதான் தம்பி, நான் ஒண்ணும் கொற சொல்லல. டீயக் குடிங்க, ஆறிரும். கொடைக்கானல் குளுருக்கு ரெண்டாவது கிளாஸு போனாத்தான் ஒடம்பு கேக்கும்.

ஒங்க மாசப் பத்திரிகையில வந்த ஏழு மாசத்தையும் வாசிச்சுட்டேன், எழுத்துக் கூட்டித்தான். தாயில்லாப் பொண்ணு, கொடுமைக்காரச் சின்னம்மா. வெள்ளைக்காரன் போயிப் பன்னெண்டு வருசமாகியும் இங்க மிசன் பள்ளிக்கூடத்துல சொல்றாகளே, செருப்பத் தொலைச்ச பொண்ண ராசா மகன் தேடி வர்ற கதை, அதேதான். எங்க சுலைகா செருப்ப எடுத்துட்டு, தொழுதுட்டு உருட்டுற தஸ்பீமணிய வச்சுட்டா. அஞ்சு வக்தும் தவறாமத் தொழுகுறவளாம். தர்கா கந்தூரிக் கூட்டத்துல தஸ்பீ அறுந்து ஒரு மணி உருண்டு போச்சாம். வியாவாரி மகன் அத எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு மணி கொறையிற தஸ்பீ எந்த வீட்டுலன்னு தெருத்தெருவாத் தேடுறானாம். நம்ம சனத்துல எந்த வீட்டுல அந்நிய ஆம்பளைய உள்ள விட்டு மணிய எண்ணச் சொல்லுவாக? ஒங்களையே முன்கூடத்தோட உக்கார வச்சிருக்கேன். அல்லாவுக்கு வேற சோலி இல்லையா, ஒருத்தி கல்யாணத்துக்காக மணி உருட்டிக்கிட்டுத் திரிய?

திரையப் பாக்காதீங்க, காத்து.

அந்தச் சின்னம்மாவுக்கு மூக்கோரம் மச்சம்னு எழுதியிருக்கா. என் மூக்கப் பாருங்க. ஆறு வயசுலேர்ந்து அவளுக்குச் சோறு போட்டவ நான். நாயுடுபுரம் பூராவும் வாசிச்சுட்டுச் சிரிக்குது. கொழாயடியில வள்ளி கேக்குறா, இன்னைக்கு என்ன கொடும பண்ணுன மதீனாக்கான்னு. கொடத்த அங்கயே வச்சுட்டு வந்துட்டேன் தம்பி. அடிச்சதில்லையான்னா, அடிச்சிருக்கேன். பெத்தவ அடிச்சா அது கதையில வராது.

கடைசிப் பாகமா? அது இல்ல. ஒரு நோட்டு வாங்கவா மதுரையிலேர்ந்து அத்தர் பூசிக்கிட்டு பஸ் ஏறி வந்தீங்க? பெருநா கழிச்சுப் பொண்ணு கேட்டு வர்றேன், ஒனக்குச் சம்மதமான்னு அவளுக்கு எழுதியிருந்தீங்கல்ல. வந்துச்சு. மூணு காயிதமும் வந்துச்சு. கொமருப் பிள்ள பேருக்கு வர்றத வீட்டுல மூத்தவதான் பிரிக்கணும். கதை விசயமா எழுதுனதெல்லாம் அவகிட்டக் குடுத்தேன். இந்த மூணையும் குடுக்கல.

ஒங்க சத்தமே இல்லன்னு அவளும் காத்துக் காத்துப் பாத்தா. பெறகு நான் கேட்டதுக்கு சரின்னுட்டா. போன வெள்ளிக்கெழம நிக்காஹ் முடிஞ்சுச்சு. மாப்பிள்ளைக்கு வத்தலக்குண்டுல பொகையில வியாவாரம். மொதப் பொஞ்சாதி மவுத்தாயிட்டா, ரெண்டு பொட்டப் பிள்ளைக. இனி சுலைகாவும் சின்னம்மாதான். அதுக வளந்து அவளுக்கு ஒரு மச்சம் வச்சு எழுதட்டும்.

எந்திரிக்காதீங்க, கிளாஸுல இன்னும் கெடக்கு. மறுவீட்டுக்கு வந்திருக்கா, உள்ளதான் இருக்கா. யாரு வந்திருக்காகன்னு கேட்டா, அவ அத்தாவப் பாக்க வந்த ஆளுன்னேன். மழையில வெறகெல்லாம் ஈரம், பத்தல. அந்தக் கடைசி நோட்ட அவளே ஒவ்வொரு தாளாக் கிழிச்சு அடுப்புல வச்சுத்தான் இந்த டீயப் போட்டா. கதையில வர்றவன் ஒத்த மணிய வச்சே ஆளக் கண்டுபிடிச்சுட்டான். நீங்க அவ கையால ரெண்டு கிளாஸு குடிச்சிருக்கீங்க.