வாசற்படியில் கிடந்த கல்

அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். இது நம் நேஜோவின் மைத்துனன் ஒப்ராதுக்கு நடந்தது.

நவம்பர் மாதம். சாயங்காலம் ஐந்து மணிதான்... ஆனால் மாண்டெநீக்ரோ மலைநாட்டில், ஷாப்லியாக் மேட்டில் அதற்குள் இருட்டிவிடும். ஏரிக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை. மூடுபனி. ஒப்ராத் டிராக்டர் ஓட்டிக்கொண்டு போகிறான். பின்னால் டிரெய்லரில் ஒரே ஒரு கல்.

கல்லறைக் கல். அறுநூறு வருஷத்துக் கல். ஏரியோரத்துப் பழைய இடுகாட்டிலிருந்து அவனும் அண்ணன் வுகோதாவும்தான் ஒரு காலத்தில் அதை இழுத்து வந்தார்கள். செதுக்கிய பக்கத்தைக் கவிழ்த்து, அண்ணன் கட்டிய விடுதிக்கு வாசற்படியாகப் போட்டார்கள். பிறகுதான் அந்த மாதிரிப் பழைய இடுகாடுகளை உலகச் சொத்து என்று அறிவித்துப் பலகை நட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கற்களைப் பார்க்க வந்தார்கள். இந்தக் கல்லை மிதித்துத்தான் விடுதிக்குள் போனார்கள். அண்ணன் கொழித்தான். தம்பி விறகுக் கொட்டகையில் படுத்தான்.

இப்போது கற்களைச் சரிபார்க்க அதிகாரிகள் வரப் போகிறார்கள்.

“எடுத்த இடத்துலயே போட்டுட்டு வந்துடு,” என்று அன்று மதியம் சொன்னான் வுகோதா.

“நீயும் வாண்ணே. ரெண்டு பேரும்தானே எடுத்தோம்.”

“எனக்கு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்குடா. உனக்கு என்ன இருக்கு? யாராச்சும் பிடிச்சா நீதான் எடுத்தேன்னு சொல்லிடு.”

“அப்பா குழி மேல ஒரு கல்லு வைக்க உனக்கு மனசு வரல. உன் வாசப்படிக்கு மட்டும்...”

“கிளம்புடா.”

கிளம்பினான். பாதி வழியில் எஞ்சின் திணறியது. ஏற்றம்கூட இல்லை, சமதரை. ஈரக் கம்பளி வாடை... மழையில் நனைந்த ஆட்டு மந்தையிலிருந்து வருமே, அது. கூடவே சரளையில் காலடிகள். சரக்... சரக்... ஒருவர் இருவர் அல்ல. வண்டியை நிறுத்தினான். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தான். கல் மட்டும்தான்.

இடுகாட்டில் டிரெய்லரைச் சரித்துக் கல்லை இறக்கினான். அது இருந்த இடத்தில் இத்தனை வருஷமாகியும் புல் முளைக்கவில்லை. செதுக்கிய பக்கம் மேலே வந்தது. கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆள். ஒப்ராத் தொப்பியைக் கழற்றி, “மன்னிச்சுக்குங்க” என்றான்.

திரும்பும்போது டிரெய்லர் காலி. ஆனால் எஞ்சின் முன்னைவிட அதிகமாகத் திணறியது.

விடுதி வாசலில் வுகோதா நின்றான். தம்பியைப் பார்க்கவில்லை. டிரெய்லரையே பார்த்தான்.

“யார்ரா இவங்கல்லாம்?”

“யாரு?”

வுகோதாவின் முகம் மலர்ந்தது. “சீசன் இல்லாத நேரத்துல இத்தனை பேரா! வாங்க, வாங்க... குளிருது, உள்ள வாங்க.”

கதவை அகலத் திறந்து பிடித்தான். கல் பெயர்த்த இடத்தில் வெறும் மண். ஒப்ராத் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மண்ணில் ஒவ்வொன்றாகத் தடம் பதிந்தது. வெறுங்கால்கள்... எல்லாம் உள்ளே போகிற தடங்கள்.

அப்போதே ஓடியவன் நேஜோவின் வீட்டில் வந்துதான் நின்றான்.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். வசந்தத்தில் ஊரில் பேச்சு கிளம்பியது. வுகோதா யாருக்கும் அறை தருவதில்லையாம். வருகிறவர்களை, எல்லா ரூமும் நிரம்பிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறானாம்.

மனசு கேட்காமல் ஒப்ராத் போனான். பட்டப்பகல். அண்ணன் எலும்பும் தோலுமாக, கை நிறையத் துவைத்த விரிப்புகளோடு நின்றான்.

“மெதுவா பேசுடா. தூங்குறாங்க.”

“யாரும் இல்லண்ணே. வா, போயிடலாம்.”

“காசு தர மாட்டேங்கிறாங்கடா...” வுகோதா அழுதான். “போகவும் மாட்டேங்கிறாங்க.”

ஒப்ராத் பக்கத்து அறைக்குள் நுழைந்தான். காலிக் கட்டில். அதை அண்ணனுக்குக் காட்டத்தான் போர்வைக்குள் கையை விட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம் உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு... அவனுக்கு இடம் விட்டது.