சாப்பிட்டாச்சு

– காலை நீட்டுங்கய்யா, கெண்டைக்காலை அளக்கணும்.

– அளவெல்லாம் பலமா இருக்கே டாக்டரம்மா, கால்சட்டை தைக்கப்போறீங்களா?

– நான் டாக்டர் இல்லய்யா, நோயாளிங்க சாப்பாட்டைக் கவனிக்கறவ. குழந்தைன்னா கையை அளப்போம். உங்க வயசுக்குக் கால்தான் உண்மையைச் சொல்லும். ம்... போன வாரத்தைவிட இளைச்சிருக்கு. தராசும் அதையேதான் சொல்லுது.

– அதெப்படிம்மா என் வீட்டுக்காரர் இளைப்பாரு? தினம் தட்டை நான்தானே கழுவிக் கவுக்கறேன். ஒரு பருக்கை மிஞ்சறதில்ல.

– அதுதாம்மா எனக்கும் புரியல. குழந்தைங்க வார்டுல பாதிச் சோறு தரையில கிடக்கு, எடை ஏறுது. இங்க தட்டு பளபளன்னு இருக்கு, எடை இறங்குது. இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுடுவாங்க.

– ஐயோ, வேணாம்மா! வயித்துல கட்டியை வச்சுக்கிட்டு இவரு இன்னும் எத்தனை நாள்தான் காத்திருக்கறது?

– அப்ப உண்மையைச் சொல்லுங்க. அவர் சாப்பிட்டாரான்னு நான் கேக்கறப்பல்லாம் "சாப்பிட்டாச்சு"ங்கறீங்க. யாரு சாப்பிட்டது?

– அது வந்து... வீணாப் போகக் கூடாதுன்னு...

– அவளை விரட்டாதீங்கம்மா. நான்தான் ரெண்டு வாய் வச்சுட்டு வேணாம்னு தள்ளிடுவேன்.

– ஏங்கய்யா, குமட்டுதா? வாய் கசக்குதா?

– கசப்பா? கட்டிலைக் கடிச்சுத் தின்னற பசி.

– அடப்பாவி மனுஷா! அவ்வளவு பசியை வச்சுக்கிட்டா என்கிட்ட போதும் போதும்னீங்க?

– பின்ன? வீட்டுல எல்லாரும் தின்னு எழுந்தப்புறம் நீ பானையைச் சுரண்டற சத்தம்தான் எனக்குத் தெரியும். உனக்குன்னு என்ன மிஞ்சுச்சுன்னு ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கேனா? இங்க துணைக்கு இருக்கறவங்களுக்குச் சோறு கிடையாது. கேட்டா வெளிய சாப்பிட்டேன்னு புளுகுவ. அதான் மிச்சம் வச்சேன். பாத்தீங்களாம்மா, தட்டை எடுத்துக்கிட்டு வராந்தாவுக்குப் போவா, காலித் தட்டோட திரும்புவா. அதைப் பாத்தாலே எனக்கு வயிறு நிறைஞ்சிடும்.

– நல்லா நிறைஞ்சுது போங்க! அம்மா, நீங்க இப்படி உக்காருங்க. காலைக் காட்டுங்க.

– எனக்கெதுக்கும்மா? நானா நோயாளி?

– சும்மா காட்டுங்க, நாடா கடிக்காது. ...என்னம்மா இது? அவரைவிட ஒல்லியா இருக்கீங்க! தினம் அவர் பங்கைச் சாப்பிட்டவங்க கால் மாதிரியே இல்லையே?

– ஏய், தலையைக் குனியாத. என்னைப் பாரு. அப்ப அந்தச் சோறெல்லாம் எங்கடி போச்சு?

– கத்தாதீங்க, வயித்துல வலி எடுக்கும். தினம் மத்தியானம் உங்களைப் பாக்க நம்ம பெரிய பையன் வர்றான்ல... ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காம, பாவம், புள்ள எப்படி இளைச்சுப் போயிட்டான் பாத்தீங்களா?