எதிர் மரை

— முன்சக்கரம் ரெண்டையும் பார்த்தாச்சு அத்தான். பிரேக் லைனிங் ரெண்டு பக்கமும் ஒரே கனம். எண்ணெய்ப் பிசுக்கு துளி கூட இல்ல. நீங்க சொல்ற மாதிரி இடது பக்கம் இழுக்குறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லையே.

— இழுத்துச்சு சின்னவளே. ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தவன் நான். இழுக்காமயா திருப்பத்துல போய் செவுத்துல முட்டும்?

— கோவப்படாதீங்க. பெடல் எப்படி இருந்துச்சு, அதச் சொல்லுங்க. கல்லு மாதிரியா, பஞ்சு மாதிரியா?

— பஞ்சு. அப்படியே கீழ போயிடுச்சு.

— கீழ போச்சா, இழுத்துச்சா? ரெண்டும் வேற வேற வியாதி அத்தான். தலைவலின்னு வந்துட்டு கால நீட்டுறீங்களே.

— ஏன் போட்டு இப்படிக் குடையுற? கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள நடந்தது. அத நோட்டு போட்டு எழுதியா வச்சுக்க முடியும்? பிரேக் புடிக்கல. அதான் சொல்றேனே.

— போன மாசம் இந்த வண்டிக்கு நாலு சக்கரத்துலயும் பிரேக் வேலை பார்த்தது நான். அக்கா இடுப்பெலும்பு உடைஞ்சு எட்டு நாளா படுத்துக் கிடக்குறா. அது என் கையாலயா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஆஸ்பத்திரியில நாலு மணிக்குப் பார்க்க விடுவாங்க. அதுக்குள்ள தெரிஞ்சாகணும். உங்களுக்குக் குடைச்சலா இருந்தா போய் அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— உக்கார முடியல. எட்டு நாளா எங்கயுமே உக்கார முடியல.

— நடந்துட்டே இருந்தா எனக்குத்தான் தலை சுத்துது. வாங்க, உதவி பண்ணுங்க. பின்பக்கம் ஜாக்கி ஏத்தி, சக்கரம் ரெண்டையும் கழட்டிட்டேன். ஹேண்ட் பிரேக்க விடுங்க. முழுசா.

— விட்டாச்சு.

— அந்தச் சுத்தியல எடுங்க. இல்ல, வேணாம். வச்சிடுங்க.

— ஏன்?

— பிரேக் டிரம் கையோட வந்துடுச்சு.

— வேலை சுலபமாச்சு, நல்லதுதானே?

— நல்லதில்ல. உள்ள இருக்குற ஷூ, அதான் லைனிங் ஒட்டுன பிரேக் கட்டை, டிரம்ம ஒட்டி நின்னா, நாலு தட்டு தட்டாம இது வராது. தொட்டதும் கழண்டு வந்தா அது டிரம் இல்ல, சட்டி மூடி.

— அப்ப, தப்பு இருக்கா?

— பொறுங்க. அதுல உங்களுக்கு என்ன இத்தனை அவசரம்?

— காரணம்னு ஒண்ணு கிடைச்சா போதும்னு இருக்கு. அங்க எல்லாரும் என் மூஞ்சியத்தான் பார்க்குறாங்க. உங்க அம்மா ஒரு பார்வை பார்க்குறாங்க பாரு, வண்டிய விட்டுட்டு என்னத் தூக்கிட்டுப் போய் செவுத்துல முட்டலாம் போல.

— அக்கா என்ன சொல்றா?

— அவ எங்க பேசுறா? நான் உள்ள போனா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறா.

— எங்கிட்டயும் பேசல. என் கையப் புடிச்சு, நகத்துல இருக்குற கரியையே பார்த்து அழுதா. இந்தக் கைதானேடின்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல அத்தான்.

— அவ அப்படி நினைக்க மாட்டா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? அவதான் பேசலையே. சரி, இந்தாங்க, இதக் கையில புடிங்க.

— என்ன இது, திருகாணி மாதிரி?

— அட்ஜஸ்டர். ரெண்டு ஷூவுக்கும் நடுவுல நிக்குறது. லைனிங் தேயத் தேய இது நீளணும். அப்பத்தான் ஷூ டிரம்மோட கிட்டயே இருக்கும், பெடலும் மேலயே நிக்கும். நீங்க ரிவர்ஸ் எடுத்து பிரேக் மிதிக்கிறப்ப எல்லாம் உள்ள ஒரு கம்பி இந்தப் பல்லுச் சக்கரத்த ஒரு பல்லு தள்ளும். தானா இறுக்கிக்கும். அந்தக் காலத்து வண்டில இது பெரிய சொகுசு. விரலால தள்ளுங்க, கம்பி தள்ளுற மாதிரி. மேல் பக்கமா.

— தள்ளிட்டேன்.

— இன்னும் நாலு பல்லு. நீளுதா, குறுகுதா?

— குறுகுது போலத்தான் இருக்கு.

— நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

— குறுகுது சின்னவளே.

— நீளணும் அத்தான். இது இடது பக்கத்துக்கு உள்ளது. வலது பக்கத்துல இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு எதிர் மரை, ஒண்ணு வலப்பக்கம் சுத்தினா நீளும், இன்னொண்ணு இடப்பக்கம். வெளியில பார்க்க ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கும், பெத்தவளே குழம்பிடுவா.

— அந்தப் பக்கம்?

— அங்க மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? இதோட ஜோடி அங்கதானே இருக்கணும். இருங்க, பார்த்துடுறேன். ம். அதேதான். மாத்தி மாட்டியிருக்கேன். ஒரு மாசமா நீங்க வீட்டுலேர்ந்து ரிவர்ஸ்ல வெளிய வந்து பிரேக் அடிக்கிறப்ப எல்லாம் ஒவ்வொரு பல்லா தளர்ந்துட்டே வந்திருக்கு. நானே மாட்டி, நானே ஓட்டிப் பார்த்து, நானே சாவியும் குடுத்திருக்கேன்.

— தண்ணி குடி.

— ஒரு பக்கத்த முழுசா மூடாம மறுபக்கத்தத் தொடக் கூடாது. இந்தப் பட்டறையில நான் போட்ட சட்டம். வேலைக்கு வர்றவங்க காதுல ரத்தம் வர்ற வரைக்கும் சொல்லுவேன். ஒரு பக்கம் முழுசா இருந்தா, அதப் பார்த்து இத மாட்டலாம். அன்னைக்கு நானே ரெண்டையும் ஒண்ணா கழட்டி, ஒரே டப்பாவுல போட்டு மண்ணெண்ணெய்ல ஊற வச்சேன்.

— நான்தானே சாயங்காலத்துக்குள்ள வண்டி வேணும்னு உன் தலைமேல நின்னேன்.

— நின்னீங்க. சரின்னு சொன்ன வாய் என்னோடது.

— இங்க பாரு. இத மாத்தி மாட்டிடு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். பழைய வண்டி, பிரேக் போச்சு. ஊர்ல நடக்காததா?

— எனக்குத் தெரியுமே அத்தான். நாலு மணிக்கு அக்காகிட்ட போய்ச் சொல்லுவேன். வந்து ஷட்டர இறக்கிடுவேன். நாளைக்கு இன்னொருத்தர் பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திட்டு வந்து நிப்பாரு. எந்த நம்பிக்கையில சாவிய வாங்குவேன்? எனக்கு என் கையப் பார்த்தாலே பயமா இருக்கு.

— பன்னெண்டு வருஷமா நடத்துற பட்டறை. பொம்பளைக்கு என்ன பிரேக்கு தெரியும்னு சிரிச்சவன் எல்லாம் இன்னைக்கு உன் வாசல்ல வரிசையில நிக்குறான்.

— அவங்க சிரிச்சது சரின்னு ஆயிடுச்சு. விடுங்க. ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு. நீங்க தள்ளின பல்லத் திருப்பி, அட்ஜஸ்டர இருந்தபடியே வச்சு டிரம்ம மாட்டிட்டேன். உள்ள உக்காந்து பெடல மிதிங்க.

— எதுக்கு?

— எவ்வளவு கீழ போகுதுன்னு பார்க்கணும். அக்கா கேட்டா முழுசாச் சொல்லணும். அன்னைக்கு எப்படி மிதிச்சீங்களோ அப்படியே மிதிங்க.

— நீயே மிதிச்சுப் பாரேன்.

— நான் பின்னாடி டிரம்மச் சுத்திப் பார்க்கணும். ஏறுங்க அத்தான், மணி மூணே கால் ஆச்சு. கதவ இழுத்துத் தொறங்க, நசுங்கி இருக்கு. ம், மிதிங்க.

— ம்.

— மிதிச்சீங்களா? இங்க ஒண்ணும் அசையலையே.

— கால் வரல.

— புரியுது. அந்த சீட்டுல திரும்ப உக்காருறது கஷ்டம்தான். ஒரே ஒரு தடவ. எனக்காக.

— மிதிச்சுட்டேன்.

— எங்க போச்சு?

— பாதிக்கும் கீழ போயிடுச்சு.

— விட்டுட்டு உடனே இன்னொரு தடவ மிதிங்க.

— இப்ப மேலயே நிக்குது. கல்லு மாதிரி.

— இங்க டிரம்மும் சுத்தாமப் புடிச்சிடுச்சு. அவ்வளவுதான் அத்தான். தளர்ந்து கிடந்தாலும் ரெண்டாவது மிதியில புடிக்குது. அன்னைக்கு இன்னொரு தடவ மிதிச்சிருந்தா நின்னிருக்கும். அதுவும் உங்க தப்பில்ல. பெடல் கீழ போனா விட்டு விட்டு மிதிக்கணும்னு சாவி குடுக்குறப்ப நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அதையும் அக்காகிட்ட சேர்த்தே சொல்லிடுறேன்.

— போதும்.

— என்ன போதும்?

— எத்தனையத்தான் நீயே எடுத்துத் தலையில வச்சுக்குவ? கதவுலேர்ந்து கைய எடு. மூடாத. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு நீ போகாத.

— போகாம எப்படி? பொய் சொல்லிட்டு என்னால தூங்க முடியாது.

— உங்க அக்கா அன்னைக்குக் கையில துணிப் பைய வச்சுட்டுத்தான் உக்காந்திருந்தா. வண்டிய நிறுத்துங்க, நான் அம்மா வீட்டுக்கே போயிடுறேன்னா. கடைத்தெருவுல சொன்னா, பாலத்துல சொன்னா, திருப்பம் வர்றப்ப கத்தியே சொன்னா.

— சரி. அதனால?

— நிறுத்தினா இறங்கிப் போயிடுவா சின்னவளே. ஒரு தடவ கூட நான் பிரேக் மேல கால் வைக்கல.