துடைக்காமல் விற்ற மிஷின்

பழைய சாமான் சேர்க்கிறவர்களிடம் ஒரு பொருளைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள். துருவும் கறையும் தூசியும் இருந்தபடியே இருக்கவேண்டும். லாசரஸ் சார் அந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். அவர் கேட்டபடிதான் கொடுத்தேன்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சொல்கிறேன்.

என் பெயர் தயாளன். விலங்கியல் பட்டதாரி. கிண்டியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வீடு சேலையூரில். என் மனைவி பியூலா போன வருஷம், எழுபத்தொன்று செப்டம்பரில், காசநோயில் இறந்துபோனாள்.

அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தின் ஆங்கிலோ இந்தியத் தலைமையாசிரியை ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, தன் வீட்டு வாக்குவம் கிளீனரை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உலக யுத்தத்துக்கு முந்தைய லண்டன் சாமான். கறுப்பு உருளை, முன்னால் ஒரு நீளக் குழாய். துடைப்பம் போட்டால் தூசி கிளம்பிப் பியூலாவுக்கு இருமல் வந்துவிடும். அதனால் அவள் படுத்திருந்த அறையை அதைக்கொண்டுதான் சுத்தம் செய்தேன். மெத்தை, தலையணை, கட்டிலுக்கு அடியில் எல்லாம். தூசி உள்ளே ஒரு துணிப்பையில் போய்ச் சேரும்.

அவள் போன பிறகு பையை நான் திறக்கவில்லை. மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஜன்னலை அடைத்து, அறையைப் பூட்டிவிட்டேன். துக்கத்தில் செய்கிறான் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். காசநோய்க் கிருமி வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். இருட்டான இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். இதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

லாசரஸ் சார் எங்கள் சபையின் கமிட்டிச் செயலாளர். மனைவி இல்லாதவர். மகள் தபீதாளோடு இருந்தார். பழைய மின்சாரச் சாமான்கள் என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு சனிக்கிழமையும் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஏதாவது தூக்கிக்கொண்டு வருவார். பித்தளை இறக்கை விசிறி, வால்வு ரேடியோ, ரொட்டி சுடுகிற பெட்டி என்று கூடம் முழுக்க அடுக்கி வைத்திருந்தார்.

எங்கள் சபையில் திருவிருந்து அன்று எல்லாரும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடிப்போம். பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிட்டிருப்போம். போதகர் ஐயர் ஒவ்வொருவர் உதட்டிலும் பாத்திரத்தை வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போவார். பியூலாவுக்கு இன்ன வியாதி என்று தெரிந்த மாதம் லாசரஸ் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசினார். உள்ளே வரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க தயாளன். கமிட்டியில பேசி முடிவு பண்ணினது. பியூலா கடைசியா வந்து வாங்கட்டும். எல்லார் வீட்லயும் புள்ளைங்க இருக்கு."

உள்ளே கட்டிலில் இருந்த பியூலாவுக்கு அது கேட்டது. "கடைசி ஆளுக்குத்தான் மிச்ச ரசம் பூரா. எனக்கு லாபம்தான் சார்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்துபோன பிறகு அவள் தனியாக முழங்காலிட்டாள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தபீதாள் எழுந்தாள். லாசரஸ் சார் நடுவில் வந்து நின்றார். "வழியை விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பியூலாவுக்கு அடுத்து முழங்காலிட்டு, அவளுக்குப் பிறகு அதே பாத்திரத்தில் குடித்தாள். நல்ல பெண். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்த மாதம் பியூலா கோயிலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை. சாகிறவரை அவள் அழுதது அதற்காக மட்டும்தான்.

டிசம்பரில் மிஷினை விற்கப்போவதாக இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் லாசரஸ் சார். இன்னொருவர் பல்லாவரம் பட்டாபிராமன். அவரும் சேகரிக்கிறவர். வந்து பார்த்தார், லாசரஸ் சாரைவிட அதிகம் தருவதாகச் சொன்னார். "பையை மட்டும் கழட்டி ரெண்டு நாள் வெயில்ல போட்டுட்டு எடுத்துக்கறேன். பூஞ்சை புடிச்சிருக்கும்" என்றார். லாசரஸ் சாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

"அவருக்கா? அந்த மனுஷன் இதை நாலு பேர் முன்னாடி ஓட்டிக் காட்டாம தூங்கமாட்டாரே" என்று சிரித்தார்.

எனக்கும் தெரியும்.

லாசரஸ் சார் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். மழை பெய்துகொண்டிருந்தது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவர் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பை ஒரிஜினலா? தொவைச்சீங்களா?" என்று கேட்டார். துவைக்கவில்லை என்றேன். "நல்லவேளை. தொவைச்சிருந்தா கம்பெனி முத்திரை போயிருக்கும். வேல்யூவே அதுலதான்." குழாயைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டினால் இது காற்றை ஊதவும் செய்யும் என்று சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். தபீதாளைக் கூப்பிட்டுக் குழாயைப் பிடிக்கச் சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அவர் நோயாளியாக வேண்டும் என்பதுகூட என் எண்ணம் இல்லை. அவர் வீட்டுக்குள் இருமல் வரவேண்டும். யாராவது அவர் வாசலில் நின்று, உள்ளே வராமல், கடைசியாக வந்து வாங்குங்கள் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிறவள் தபீதாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இருந்தால் அதைச் செய்திருப்பேன்.

மார்ச்சில் அவள் ரத்தமாகத் துப்பினாள். போன வாரம் இறந்தாள்.

அடக்கத்துக்கு நானும் போனேன். குழிக்குப் பக்கத்தில் சபையார் எல்லாரும் கேட்கும்படி லாசரஸ் சார் சொன்னார்: "நான் அன்னிக்கே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. அந்தப் பாத்திரம்தான் என் பொண்ணைக் கொண்டுபோச்சு. பியூலாதான் கொண்டுபோனா." நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஐயர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதனால்தான் அன்றைக்கே நேராக இங்கே வந்தேன். பியூலா யாரையும் கொல்லவில்லை. கொன்றவன் நான். இது காகிதத்தில் வரவேண்டும், சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

உங்கள் கான்ஸ்டபிள் சவுரிமுத்து சிரிக்கிறார். "இன்னா சார், குப்பைய வித்ததுக்கெல்லாம் கேஸா?" என்று உங்களிடம் கேட்டதும் காதில் விழுந்தது. நீங்களும் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தபீதாளைப் பார்த்த டாக்டரை விசாரித்தீர்களாம். எக்ஸ்ரேயில் தெரிந்தது பழைய புண், மிஷின் அந்த வீட்டுக்குள் போவதற்கு வெகு முன்பே அவள் நெஞ்சில் நோய் இருந்திருக்கிறது என்று அவர் சொன்னாராம். ஒரு படத்தை வைத்து மாதக் கணக்கு சொல்ல யாராலும் முடியாது. எனக்கு நோக்கம் இருந்தது, பொருள் இருந்தது, நானே ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்?

நான் மிஷினைக் கொண்டுபோனபோது அவள் எப்படி இருந்தாள் என்று கேட்கிறீர்கள். நன்றாக இருந்தாள். குழாயைப் பிடிக்கக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுத் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் யாருக்குத்தான் சளி இல்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான், எனக்கு வித்தியாசம் தெரியும்.

அன்று அவள் இருமவில்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.